தலைசுற்றலின் கதை

எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் நான்கு மரத்தூண்கள் இருந்தன. அவற்றுள் அடுக்களைக்கு அருகிலிருந்த தூணில் மட்டும், தோள் உயரத்தில் ஓரிடம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. என் பாட்டியார் தலைசுற்றல் வந்தபோதெல்லாம் பற்றி நின்ற இடம் அது. முன்னறிவிப்பு ஏதுமின்றி அது வரும். கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு, கண்களை மூடிக்கொண்டு, தூணைத் தழுவி நிற்பார். சில வேளை அரைமணியில் தெளியும். சில வேளை பொழுது சாயும்வரை படுத்தே கிடப்பார். மறுநாள் விடியலில் ஒன்றுமே நடவாதது போலக் கோலமிட்டுக்கொண்டிருப்பார்.

மறுநாள் நலமாக இருந்ததுதான் அவர் செய்த பிழை. 'பித்தம்' என்றனர் சிலர். இஞ்சிச் சாறும் எலுமிச்சையும் கொடுத்தனர். 'இரத்தம் குறைவு' என்றனர் வேறு சிலர். விருந்தாளிகள் நிறைந்த நாளொன்றில் அவர் படுத்துவிட்டபோது, 'வேலையைக் கண்டால் வரும் நோய்' என்று உறவினர் ஒருவர் அவர் காதுபடவே சொன்னார். பாட்டியார் அதற்கு மறுமொழி கூறவில்லை. காட்டுவதற்கு அவரிடம் காயமில்லை, காய்ச்சலில்லை, வீக்கமில்லை. உலகம் சுழல்வதை அவர் ஒருவரே கண்டார்.

பின்னர் அது என் தாயாருக்கு வந்தது. அதற்கும் பின்னர் என் தங்கைக்கு வந்தது. ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் காரணம் தெரியாமல் வந்துபோகும் இந்தக் கிறுகிறுப்பை உலகம் எப்படிப் புரிந்துகொண்டது என்று அறிய விரும்பினேன். அந்த வரலாற்றைப் பார்க்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. இந்த நோயைப் பற்றிய அறிவு, நோயாளி சொன்னதை மருத்துவர் ஒருவர் நம்பிக் கேட்ட போதெல்லாம் ஓரடி முன்னேறியது. அவர் சொன்னதைத் தள்ளிய போதெல்லாம் நின்றது.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழில் 'தலைசுற்றல்' என்கிறோம், 'கிறுகிறுப்பு' என்கிறோம். இந்தியில் 'சக்கர்' என்பர். சக்கரம் என்னும் சொல்லின் வழி வந்தது அது. மேலைநாட்டு மருத்துவர் வழங்கும் 'வெர்டிகோ' என்னும் இலத்தீன் சொல்லுக்கும் சுழல்வது என்பதே பொருள். ஒருவரை ஒருவர் அறியாத மக்களெல்லாம் ஒரே உருவகத்தைக் கண்டது வியப்பன்று. நோயாளிகள் எங்கும் ஒரே செய்தியைத்தான் கூறியிருக்கின்றனர்.

மயக்கம் வேறு, தலைசுற்றல் வேறு என்பதை நம் நாட்டு வைத்திய நூலோர் அறிந்திருந்தனர். வடமொழியிலுள்ள 'மாதவ நிதானம்' என்னும் நோய்நாடல் நூல், நினைவிழக்கும் மூர்ச்சையையும், சுழல்வதாகத் தோன்றும் பிரமத்தையும் ஒரே அதிகாரத்தில் வைத்துப் பேசினாலும், இரண்டையும் தனித்தனியே பிரித்துக் கூறுகிறது. பிரமத்துக்குப் பித்தமும் வாதமும் ரஜோ குணமும் காரணம் என்பது அதன் கருத்து. காரணம் பற்றிய கொள்கை இன்று மாறிவிட்டது. ஆனால் இரண்டையும் பிரித்தறிந்த அந்தக் கூர்மை மாறத் தேவையில்லை. இன்றும் மருத்துவர் கேட்கும் முதல் வினா, 'கண் இருட்டியதா, அல்லது சுற்றியதா?' என்பதே.

இனி, ஐரோப்பாவில் நோயுற்ற ஒருவரைக் காண்போம். 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட்டை அறியாதார் இலர். 1667-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிறந்த அவருக்கு, இளமையிலேயே தலைசுற்றல் தொடங்கியது. சில ஆண்டுகள் கழித்துச் செவிட்டுத்தன்மையும் சேர்ந்துகொண்டது. இரண்டும் வாழ்நாள் முழுவதும் விட்டு விட்டு வந்தன. தாம் ஒருமுறை அளவின்றி ஆப்பிள் பழங்களை உண்டதால் தலைசுற்றல் பிடித்தது என்றும், வேறொரு சமயம் குளிர் தாக்கியதால் செவி கெட்டது என்றும் அவர் உறுதியாக நம்பினார். ஒன்றுக்குப் பழமும் மற்றொன்றுக்குக் குளிருமாக இரு காரணங்கள் கற்பித்தாரே தவிர, இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவருக்கு வைத்தியம் செய்தவர்களுக்கும் தோன்றவில்லை.

முதுமையில் அவருடைய அறிவு தளர்ந்தது. 1742-இல் அவரையும் அவர் உடைமைகளையும் பேணப் பாதுகாவலர் நியமிக்கப்பட்டனர், 1745-இல் காலமானார். அதன்பின், அவருடைய நெடுநாளைய தலைசுற்றலே பைத்தியத்தின் முன்னறிகுறி என்று பலரும் எழுதலாயினர். 1882-இல் பக்னில் என்னும் ஆங்கில மருத்துவர், ஸ்விஃப்ட் தம் கடிதங்களில் விட்டுச்சென்ற குறிப்புகளை ஒன்று சேர்த்து ஆராய்ந்து, வாழ்நாளெல்லாம் அவரை வருத்தியது செவியின் நோயென்றும், இறுதிக்காலத்து மூளைத்தளர்ச்சி வேறென்றும் வாதிட்டார். நோயாளி தாமே எழுதிவைத்த குறிப்புகள், அவர் இறந்து நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பின்னரேனும் அவருக்காகச் சாட்சி சொல்லின.

பக்னில் அப்படிச் சொல்ல முடிந்ததற்குக் காரணமானவர் ப்ராஸ்பர் மெனியேர் என்னும் பிரெஞ்சு மருத்துவர். அவர் 1799-இல் பிறந்தவர். 1838 முதல் பாரிஸ் நகரத்துச் செவிட்டூமையர் கல்விநிலையத்தில் தலைமை மருத்துவராகப் பணியாற்றினார். அக்காலத்தில், திடீரென்று தலைசுற்றி, வாந்தியெடுத்து, தடுமாறி விழுபவர்க்கு 'மூளையில் இரத்தம் தேங்கிவிட்டது' என்பதே மருத்துவர் தீர்ப்பு. அட்டை விடுவார்கள், இரத்தம் வடிப்பார்கள், பேதிக்குக் கொடுப்பார்கள். நோயினால் நலிந்தவரைச் சிகிச்சை மேலும் நலிவித்தது.

மெனியேர் பணிபுரிந்த இடம் செவி கேளாதோர் நடுவில். ஆகவே பிற மருத்துவர் காணாத ஒன்றை அவர் கண்டார். தலைசுற்றலுக்கு ஆளான பலர், 'காதில் இரைச்சல் கேட்கிறது', 'ஒரு காது வரவர மந்தமாகிறது' என்றும் கூறினர். மேலும், அவர்கள் இறந்துபோகவில்லை, கைகால் விழவில்லை, பேச்சுக் குழறவில்லை. நோய் தணிந்தபின் முழு நலத்துடன் நடமாடினர். மூளையில் இரத்தம் தேங்கியவர் அடுத்த நாள் இவ்வாறு எழுந்து நடப்பாரா? என் பாட்டியாருக்கு எதிராகச் சொல்லப்பட்ட அதே செய்தி, 'மறுநாள் நன்றாக இருக்கிறாரே' என்பது, மெனியேரின் கையில் நோய் இருக்குமிடத்தைக் காட்டும் சான்றாயிற்று.

1861-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள், பாரிஸ் மருத்துவக் கழகத்தின்முன் அவர் தம் கட்டுரையைப் படித்தார். அதில், குளிர்காலத்து இரவில் வண்டியின் மேற்புறத்தில் அமர்ந்து பயணம் செய்த ஓர் இளம்பெண்ணைப் பற்றிக் கூறினார். திடீரெனச் செவி முற்றிலும் கேளாமற்போய், தலைசுற்றலும் வாந்தியும் கண்டு, ஐந்தாம் நாள் அவள் இறந்தாள். உடலைச் சோதித்தபோது மூளையிலும் தண்டுவடத்திலும் குறையேதும் இல்லை. உட்செவியின் அரைவட்டக் குழாய்களில் மட்டும் செந்நிறக் கசிவு நிறைந்திருந்தது. அந்தப் பெண்ணுக்கு வந்தது, இன்று மெனியேர் பெயரால் வழங்கும் நோயன்று எனப் பிற்காலத்தார் கருதுகின்றனர். ஆயினும், தலைசுற்றல் செவியிலிருந்து எழக்கூடும் என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. மருத்துவ உலகம் அதை உடனே ஏற்கவில்லை. மறு ஆண்டு பிப்ரவரியிலேயே மெனியேர் நுரையீரல் காய்ச்சலால் மறைந்தார். தம் பெயர் ஒரு நோய்க்கு உரியதாகி உலகெங்கும் வழங்கப்போவதை அவர் அறியார்.

செவிக்கும் தலைசுற்றலுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் கேட்கலாம். மெனியேருக்கும் முன்னர், 1820-களில், ஃப்ளூரான்ஸ் என்னும் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் புறாக்களின் உட்செவியிலுள்ள அரைவட்டக் குழாய்களை அறுத்துப் பார்த்தார். அவற்றுக்குச் செவி கேட்டது. ஆனால் நிற்கவும் பறக்கவும் இயலாமல் அவை சுழன்றன. எந்தக் குழாய் அறுபட்டதோ அந்தக் குழாய் அமைந்த திசையிலேயே தலை ஆடியது. மெனியேர் இந்தச் சோதனையை மனத்திற்கொண்டே தம் முடிவுக்கு வந்தார்.

இதன் உட்பொருளை 1873-க்கும் 1875-க்கும் இடையில் எர்ன்ஸ்ட் மாக், ஜோசஃப் ப்ராயர், க்ரம் ப்ரௌன் என்னும் மூவர் தனித்தனியே ஆராய்ந்து ஏறத்தாழ ஒரே முடிவைக் கண்டனர். ஒரு செம்பில் நீர் நிரப்பிச் சட்டெனத் திருப்பிப் பாருங்கள். செம்பு திரும்பும், உள்ளிருக்கும் நீர் ஒரு கணம் பின்தங்கும். நம் ஒவ்வொரு செவியினுள்ளும் மூன்று குழாய்கள், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தாக அமைந்துள்ளன. தலை திரும்பும்போது குழாய் திரும்ப, உள்ளிருக்கும் நீர் பின்தங்கி, அங்குள்ள நுண்மயிர்களை வளைக்கிறது. 'தலை இப்பக்கம் திரும்புகிறது' என்னும் செய்தி மூளைக்கு எட்டுகிறது. குழந்தைகள் தட்டாமாலை சுற்றிச் சட்டென நின்றால், உடல் நின்றபின்னும் உள்நீர் நில்லாமல் ஓடும். ஆகவேதான் வீடும் மரமும் சுழல்வதாகத் தோன்றுகிறது. குழந்தைக்கு அது விளையாட்டு. சுற்றாமலே அது வருபவர்க்கு, தம் காலடி நிலத்தையே நம்பமுடியாத நிலை.

அடுத்த அடியை எடுத்துவைக்கக் காரணமானவர், பெயர் தெரியாத ஒரு நோயாளி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னா நகரின் செவிநோய்ப் பிரிவில் ராபர்ட் பாரனி என்னும் இளம் மருத்துவர் இருந்தார். காதைக் கழுவ நீர் பாய்ச்சும்போது நோயாளிகளுக்குத் தலைசுற்றுவதையும், அவர்கள் கண்மணிகள் ஒரு பக்கமாக வெட்டிவெட்டி அசைவதையும் அவர் கண்டார். ஒரு நோயாளி, 'நீர் மிகக் குளிர்ந்திருப்பதால்தான் எனக்குத் தலைசுற்றுகிறது' என்று முறையிட்டார். பாரனி அதைப் புறக்கணிக்காமல், சூடான நீரைப் பயன்படுத்தினார். அப்போதும் தலை சுற்றியது. ஆனால் கண்ணசைவு நேர்மாறான திசையில் இருந்தது.

வெந்நீர்த் தவலையில் சூடேறிய நீர் மேலே எழும். குளிர்ந்த நீர் கீழே இறங்கும். செவியினுள்ளும் அவ்வாறே நீரோட்டம் எழுகிறது என்று பாரனி ஊகித்தார். 1906-இல் அதை வெளியிட்டார். புவியீர்ப்பின் ஆற்றல் உணரப்படாத விண்கலத்தில் 1983-இல் செய்த சோதனையிலும் அந்தக் கண்ணசைவு தோன்றியதால், நீரோட்டம் ஒன்றே முழுக்காரணமன்று என இன்று அறிகிறோம். ஆயினும் பயன் மாறவில்லை. முதன்முறையாக, நோயாளியின் உள்ளே நடக்கும் சுழற்சியை வெளியே நிற்பவர் தம் கண்ணால் காண முடிந்தது. 'பாசாங்கு' என்னும் சொல்லுக்கு மறுமொழி கூற ஒரு சோதனை கிடைத்தது.

1914-ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு பாரனிக்கு அறிவிக்கப்பட்டபோது, அவர் ரஷ்யரிடம் போர்க்கைதியாக இருந்தார். ஸ்வீடன் நாட்டு இளவரசர் ஒருவரும் செஞ்சிலுவைச் சங்கத்தாரும் முயன்றதன் பயனாக 1916-இல் விடுதலை பெற்று, அவ்வாண்டே ஸ்டாக்ஹோம் சென்று பரிசைப் பெற்றார்.

பின்னர் அறிவு விரைந்து வளர்ந்தது. 1938-இல் லண்டனில் ஹால்பைக், கெய்ர்ன்ஸ் ஆகியோரும், ஜப்பானில் யமகாவாவும், மெனியேர் நோயுற்று இறந்தவர்களின் செவி எலும்பைச் சோதித்து, உட்செவியின் உள்நீர் பெருகி அதன் பைகள் வீங்கியிருப்பதைக் கண்டனர். 1952-இல் அதே ஹால்பைக்கும் மார்கரெட் டிக்ஸ் என்னும் பெண் மருத்துவரும், படுக்கையில் புரண்டால் மட்டும் சில விநாடி சுற்றும் மற்றொரு வகையைத் தெளிவாக வரையறுத்தனர். நோயாளியை உட்காரவைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டெனப் பின்னே சாய்த்துக் கண்களை நோக்கினால் போதும். நோய் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

உட்செவியில் ஓரிடத்தில் ஒட்டியிருக்க வேண்டிய சுண்ணாம்புத் துகள்கள் பெயர்ந்து குழாய்க்குள் புகுவதே இதற்குக் காரணம். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்து மருத்துவர் ஜான் எப்லி, தலையைப் படிப்படியாகத் திருப்பி அத்துகள்களைப் பழைய இடத்துக்கு உருட்டிவிடும் முறையொன்றைக் கண்டார். மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை. சில நிமிட வேலை. 1980-இல் அதைச் சக மருத்துவரிடம் எடுத்துரைத்தபோது எள்ளி நகைத்தவரே மிகுதி. அவருடைய கட்டுரை அச்சேறியது 1992-இல். இன்று அந்த முறை உலகெங்கும் கையாளப்படுகிறது. நோயாளிகளுக்கு நேர்ந்த அவநம்பிக்கை, இங்கே மருத்துவருக்கே நேர்ந்தது.

இவ்வளவும் கூறியபின், என் குடும்பத்தின் கேள்விக்கு வருகிறேன். ஒரே வீட்டில் பலருக்கு ஏன் வருகிறது?

1873-இல் லிவிங் என்னும் ஆங்கில மருத்துவர் ஒற்றைத் தலைவலி பற்றி ஒரு பெருநூல் எழுதினார். ஒற்றைத் தலைவலி குடும்பவழி வருவது என்பதும், அதனோடு தலைசுற்றலுக்கு நெருங்கிய உறவுண்டு என்பதும் அதில் காணப்படும். இந்த எண்ணம் நெடுங்காலம் பெரிதும் கவனிக்கப்படாமல் கிடந்தது. 1964-இல் பாஸர் என்பவர், சின்னஞ்சிறு குழந்தைகளுக்குத் திடீரெனத் தலைசுற்றி, அஞ்சி, எதையேனும் பற்றிக்கொண்டு நின்று, சிறிது நேரத்தில் தெளிந்துவிடும் நிலையை விவரித்தார். 1979-இல் ஸ்லேட்டர் என்பவர், செவியில் குறையில்லாத பெரியோர்க்கு மீண்டும் மீண்டும் வரும் தலைசுற்றலை ஒற்றைத் தலைவலியோடு இணைத்துக் காட்டினார். 2012-இல்தான், பாரனியின் பெயரால் அமைந்த உலகச் சங்கமும் உலகத் தலைவலிச் சங்கமும் கூடி, ஒற்றைத் தலைவலி சார்ந்த தலைசுற்றலுக்கு இலக்கணம் வகுத்தன. தலைவலி இல்லாமலே தலைசுற்றல் மட்டும் வரும் வேளையும் அதில் உண்டு. ஆகவேதான் எத்தனையோ குடும்பங்களில் பாட்டியின் தலைசுற்றலையும் பேத்தியின் தலைவலியையும் ஒரே கிளையின் இரு காய்களாக யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அரிதான வேறு வகைகளும் உண்டு. சில குடும்பங்களில் தலைசுற்றலும் தள்ளாட்டமும் மணிக்கணக்கில் வந்து நீங்கும். அசெட்டசோலமைடு என்னும் பழைய மருந்து அதைக் கட்டுப்படுத்துவது 1978-இல் ஒரு குடும்பத்தில் தெரியவந்தது. அதற்குக் காரணமான மரபணு 1996-இல் கண்டறியப்பட்டது. ஒருவகை ஒற்றைத் தலைவலிக்கும் அதே மரபணுவே காரணம் என்பது கூடவே வெளிப்பட்டது. பெற்றோருள் ஒருவரிடம் அக்குறை இருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்கும் வராதிருப்பதற்கும் சம வாய்ப்பு. குடும்பவழி வருவது பரம்பரைச் சாபமன்று. எழுத்தொன்று மாறிய ஏட்டுச்சுவடி போன்றது, அவ்வளவே.

ஆனாலும் நேயர்களே, எல்லாத் தலைசுற்றலுக்கும் பெயர் கிடைத்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். என் தங்கை மருத்துவர் பலரைக் கண்டாள். இரத்தம் சோதித்தார்கள், படம் எடுத்தார்கள், 'குறை ஏதுமில்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள். குறை ஏதுமில்லை என்னும் சொல் ஆறுதலாகத் தோன்றும். ஆனால் மறுவாரம் பள்ளியில் கரும்பலகைமுன் பாடம் நடத்தும்போதே தரை சாய்ந்தவளுக்கு, அது நம்பாமையின் மற்றொரு பெயராகவே பட்டது.

அவளைக் காப்பாற்றியது ஒரு நோட்டுப் புத்தகம். வயது முதிர்ந்த மருத்துவர் ஒருவர், 'அம்மா, ஒவ்வொரு முறையும் எழுதிவை' என்றார். எப்போது வந்தது, எத்தனை நேரம் நின்றது, படுக்கையில் புரண்டபோதா, நின்றபோதா, காதில் இரைச்சல் உண்டா, வெளிச்சம் கூசியதா, அதற்குமுன் உறக்கம் குறைந்ததா, உணவு தவறியதா என்றெல்லாம் அவள் எழுதினாள். காலமே இங்கு பெரிய சாட்சி. ஒரு நிமிடத்துக்கும் குறைவாகப் புரளும்போது மட்டும் வருவது பெரும்பாலும் துகள் பெயர்ந்த நோய். இருபது நிமிடம் முதல் பன்னிரண்டு மணி வரை நீடித்து, செவி மந்தமும் இரைச்சலும் சேர்ந்து வருவது மெனியேர் நோயாகலாம். ஐந்து நிமிடம் முதல் மூன்று நாள் வரை நீடிப்பதும், ஒற்றைத் தலைவலியின் அறிகுறிகளோடு வருவதும் அந்த வகையைச் சேரலாம். அவளுடைய ஏட்டின் நான்கு மாதக் குறிப்புகளைப் படித்த அந்த மருத்துவர், 'உன் தாயாருக்குத் தலைவலி உண்டா?' என்று கேட்டார். மூன்று தலைமுறையில் எங்களை யாரும் கேட்டிராத கேள்வி அது. என் தாயார் மாதந்தோறும் இருட்டறையில் நெற்றியில் ஈரத்துணி கட்டிப் படுத்திருந்தது அப்போதுதான் எங்கள் நினைவுக்கு வந்தது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். தலைசுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, முகம் கோணினாலோ, ஒரு கையோ காலோ சோர்ந்தாலோ, பொருள்கள் இரண்டாகத் தெரிந்தாலோ, முன்பு அறியாத கடுந்தலைவலி திடீரென வந்தாலோ, ஏடெழுதக் காத்திருத்தலாகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அது மூளையின் இரத்தக்குழாய் சார்ந்ததாக இருக்கலாம்.

என் தங்கைக்கு நோய் முற்றிலும் நீங்கிவிடவில்லை. முன்னிலும் குறைவாக வருகிறது. வரும்போது வகுப்பிலுள்ள பிள்ளைகள் நாற்காலியை நகர்த்திக் கொடுத்துவிட்டு அமைதியாக இருக்கிறார்கள். வீட்டில் யாரும் 'என்ன பாசாங்கு' என்று கேட்பதில்லை. 'எத்தனை மணிக்கு வந்தது?' என்றுதான் கேட்கிறோம்.

அந்தப் பழைய வீட்டைப் பிரித்தபோது, தேய்ந்த அந்தத் தூணை மட்டும் என் தாயார் விற்க இசையவில்லை. என் பாட்டியார் ஏடு எதுவும் எழுதவில்லை; எழுதச் சொல்வாரும் இல்லை. அவர் சொன்னது உண்மை என்பதற்கு எங்களிடமுள்ள சான்று அந்த ஒரு தூணே. உங்கள் இல்லத்தில் யாரேனும் சுவரைப் பற்றி நின்று, 'உலகம் சுற்றுகிறது' என்று சொன்னால், அச்சொல்லை நம்புங்கள். நம்பியபின் எழுதிவையுங்கள்.